மழைநாளில் வெளுத்த பெயின்ட்டும் மூச்சுக்கோலமும்

எங்கள் சித்தப்பா கடலூரில் கார் பெயின்ட் பட்டறை வைத்திருந்தார். பள்ளி லீவு விட்டால் நான் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். உப்புத்தாள் தேய்க்கிற சத்தம், கம்ப்ரசர் உறுமல், தின்னர் வாசனை எல்லாம் சேர்ந்துதான் என் சின்ன வயது. ஐப்பசி பிறந்துவிட்டால் பட்டறை பாதி மூடினது மாதிரி ஆகிவிடும். டிங்கரிங் நடக்கும், பட்டி போடுவார்கள், ஆனால் என்.சி. பெயின்ட் (சீக்கிரம் காயும் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்) அடிக்கமாட்டார்கள். "காத்துல தண்ணி நிக்குது, ஸ்ப்ரே கன்னைத் தொடாதீங்கடா" என்று சித்தப்பா பையன்களிடம் சொல்லிவிடுவார்.

ஒருநாள் மட்டும் தொட்டார். கல்யாணத்துக்கு வண்டி வேண்டும் என்று ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டு நகரவே இல்லை. வேறு வழியில்லாமல் ஒரு கறுப்பு அம்பாசடரின் பானெட்டுக்குக் கடைசிக் கோட்டு அடித்தார். அடித்த நிமிஷம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது, எனக்கு என் முகமே தெரிந்தது. இரண்டு மூன்று நிமிஷத்தில் அந்தக் கறுப்பின் மேல் யாரோ விபூதியைத் தூவினதுபோல வெளுப்பு பரவ ஆரம்பித்தது. நான் துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். "துடைக்காதே பாப்பா, அது மேல இல்ல, உள்ளே இருக்கு. தின்னர் பறக்குறப்ப தகடு சில்லுனு ஆயிடும், காத்துல இருக்கிற தண்ணி பூரா வந்து குந்திக்கும்" என்றார். அப்புறம் மெதுவாகக் காயும் ரிட்டார்டர் கலந்த தின்னரை மெல்லிசாக மேலே அடித்து அதைச் சரிசெய்தார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில், ஒளி உமிழும் பாலிமர்களில் (நீளச் சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பிளாஸ்டிக் வகைப் பொருட்கள்) வேலை செய்துகொண்டிருந்தபோது அதே வெளுப்பை மறுபடி பார்த்தேன். கார்த்திகை மாதம், வெளியே மழை. பாலிஸ்டைரீன் என்ற சாதாரண பிளாஸ்டிக்கை குளோரோஃபார்மில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் ஊற்றி வைத்திருந்தேன், காய்ந்ததும் பால் தெளித்த மாதிரி வெள்ளையாக நின்றது. கெட்டுப்போச்சு என்று குப்பையில் போடத்தான் கையை நீட்டினேன். தற்செயலாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது அதில் ஒரு மூலையில் மயில் கழுத்து மாதிரி நிறம் ஓடியது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். தேன்கூடு. ஒரே அளவு வட்டக் குழிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு, வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. ஒரு குழியின் அகலம் நாலைந்து மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனில் பதினைந்தில் ஒரு பங்கு போல. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. சித்தப்பாவின் பானெட்டிலும் இப்படி ஏதோ ஒன்றுதான், ஒழுங்கில்லாமல், நடந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயருக்கு, கண்ணாடியில் மூச்சு விட்டால் படியும் உருவம் என்று பொருள். நான் எனக்குள் மூச்சுக்கோலம் என்று சொல்லிக்கொள்கிறேன், இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்கிறேன். குளிர்ந்த கண்ணாடியில் ஊதினால் மங்கலாகிறதே, அதை உட்கார்ந்து ஆராய்ந்தவர்களில் ஒருவர், நோபல் பரிசு வாங்கிய ராலே பிரபு. 1911-இல் 'நேச்சர்' இதழில் இதைப்பற்றி எழுதினார். கண்ணாடி மேல் ஒரு ஊதுகுழல் சுடரை ஓட்டிவிட்டு, ஆறினதும் மூச்சு விட்டால், சுடர் போன தடம் மட்டும் தனியாகத் தெரிகிறது. மற்ற இடத்தில் ஈரம் துளித்துளியாக நின்று வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, தடத்தில் மட்டும் சீரான படலமாகப் படிந்துவிடுகிறது. ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜான் எய்ட்கனும் அதே காலத்தில் இதைப்பற்றி விவாதித்தார். துளிகள் எப்படி வளர்கின்றன என்பதை 1986-இல் பெய்சென்ஸும் நாப்ளரும் கணக்காகவே அளந்தார்கள். தனித்தனியாக இருக்கும்வரை துளி மெதுவாக வளர்கிறது, ஒன்றோடொன்று தொட்டு இணைய ஆரம்பித்ததும் வேகம் கூடுகிறது.

இந்த 'தொட்டு இணைவது'தான் கண்ணாடியில் கோலம் நிலைக்காமல் போவதற்குக் காரணம். பெரிய துளி சின்னத் துளியை விழுங்கிவிடும், ஒழுங்கு எங்கே வரும்? பாலிமர் கரைசலின் மேல் அப்படி நடப்பதில்லை. 1994-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் விடாவ்ஸ்கி, ராவிசோ, ஃபிரான்ஸ்வா மூவரும் ஒரு பாலிமரை கார்பன் டைசல்ஃபைடில் கரைத்து, ஈரக்காற்று ஓட்டத்தில் காயவிட்டுத் தேன்கூடு படலத்தைப் பெற்றார்கள். அவர்கள் கையில் இருந்தது இரண்டு வகை. ஒன்று நட்சத்திரம் மாதிரிக் கைகள் பிரியும் பாலிஸ்டைரீன். இன்னொன்று பாலிஸ்டைரீனோடு பாலிபாராஃபினைலீன் கோத்தது. இந்தப் பாலிபாராஃபினைலீன் நீல ஒளி உமிழக்கூடிய சாதி. ஆக, இந்த உத்தி பிறந்தபோதே ஒளி தரும் பாலிமர்களின் உறவோடுதான் பிறந்திருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

அதற்கு நாலு வருஷம் முன்னால், 1990-இல், கேம்பிரிட்ஜில் பரோஸும் ஃபிரெண்டும் பிராட்லியும் ஹோம்ஸும் அவர்களோடு இருந்தவர்களும் ஒரு பிளாஸ்டிக் படலத்துக்குள் மின்சாரம் விட்டு மஞ்சள் கலந்த பச்சை வெளிச்சத்தை வரவழைத்திருந்தார்கள்.

சரி, தேன்கூடு எப்படி உருவாகிறது? ஊசி போடும் முன் நர்ஸ் ஸ்பிரிட் தடவும்போது தோல் சில்லென்று ஆகிறதே, அங்கிருந்து ஆரம்பிக்கலாம். ஸ்பிரிட் ஆவியாகப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிப்பது, கார்பன் டைசல்ஃபைடு 46 டிகிரியிலேயே கொதிப்பது. இவற்றின் மேல் காற்றை ஓட்டினால் ஆவியாகும் வேகத்தில் கரைசலின் மேற்பரப்பு சுழியம் டிகிரியை ஒட்டிப் போய்விடும். அறைக் காற்றோ சென்னையில் 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றை 25 டிகிரிக்குக் குளிர்வித்தாலே அதிலிருந்து தண்ணீர் பிரிய ஆரம்பித்துவிடும். சுழியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பரப்பைத் தொட்டால் என்ன ஆகும்! ஐஸ் போட்ட சோடா பாட்டில் வேர்க்கிற மாதிரி கரைசல் வேர்க்கிறது, மேலெல்லாம் குட்டிக் குட்டித் துளிகள்.

இனிதான் அழகு. துளியின் மேல்தோலில், தண்ணீரும் கரைப்பானும் சந்திக்கும் இடத்தில், பாலிமர் வந்து படிகிறது, ஒரு உறை மாதிரி. அதனால் பக்கத்துத் துளி வந்து முட்டினாலும் இரண்டும் சட்டென்று கலந்துவிடுவதில்லை. கரைப்பான் ஆவியாகும்போது கரைசலுக்குள்ளே வெப்ப வித்தியாசத்தால் சின்னச் சின்னச் சுழற்சிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சுழற்சியில் துளிகள் மிதந்து, நெருங்கி, கோலிக்குண்டுகளைத் தட்டில் போட்டு ஆட்டினால் தாமாக அடுக்கிக்கொள்வதுபோல அறுகோணமாக அடுக்கிக்கொள்கின்றன. கரைப்பான் முழுக்கப் போனதும் படலம் இறுகுகிறது. தட்டு மறுபடி அறைச் சூட்டுக்கு வந்ததும் துளிகளும் ஆவியாகிவிடுகின்றன. தண்ணீர் இருந்த இடத்தில் குழி. அச்சு வார்ப்பவர்கள் மெழுகை உருக்கி வெளியேற்றுவதுபோல இங்கே அச்சு தானாகவே காற்றில் போய்விடுகிறது. கழுவ வேண்டியதில்லை, சுரண்ட வேண்டியதில்லை.

எந்தக் கரைப்பான் என்பதிலும் ஒரு விசேஷம் இருக்கிறது. குளோரோஃபார்மும் கார்பன் டைசல்ஃபைடும் தண்ணீரைவிடக் கனமானவை, அதனால் துளி மேலேயே மிதந்து ஒரே அடுக்கு தேன்கூடு வருகிறது. டொலுவீன், பென்சீன் தண்ணீரைவிட லேசானவை. 2001-இல் மோகன் ஸ்ரீனிவாசராவ் குழு 'சயன்ஸ்' இதழில் காட்டியது இதைத்தான்: முதல் அடுக்குத் துளிகள் கரைசலுக்குள் இறங்கிவிட, அவற்றின் மேல் அடுத்த அடுக்கு, அதன் மேல் இன்னொன்று என்று முப்பரிமாணமாகவே காற்றுக்குமிழ்கள் அடுக்கிக்கொள்கின்றன என்று அவர்கள் விளக்கினார்கள். கார்பன் டைசல்ஃபைடை நான் தொடவே இல்லை. சூடான ஹாட் பிளேட்டின் மேற்பரப்பு பட்டாலே பற்றிக்கொள்ளக்கூடிய திரவம் அது. குளோரோஃபார்மையும் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்குள் வைத்துத்தான் ஊற்ற வேண்டும், இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டு மொட்டை மாடியில் முயற்சி செய்யாதீர்கள்.

எனக்குக் கிடைத்த படலம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க எப்போதும் மைக்ரோஸ்கோப் தேவைப்படவில்லை. வகுப்பில் சுவரில் சுட்டிக் காட்டுகிற பச்சை லேசர் போதும். படலத்தின் ஊடாக அடித்தால், ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் நடுப்புள்ளியைச் சுற்றி ஆறு புள்ளிகள் விழும். குழிகளுக்கு இடையே 5 மைக்ரான் தூரம் என்றால் அந்தப் புள்ளிகள் நடுவிலிருந்து 12 செ.மீ. தள்ளி நிற்கும். ஆறு புள்ளிகளுக்குப் பதில் முழு வளையம் தெரிந்தால், உள்ளே தேன்கூடு துண்டு துண்டாக வெவ்வேறு திசை பார்த்து நிற்கிறது என்று அர்த்தம். வெறும் மங்கலான ஒளிவட்டம் மட்டும் என்றால் சித்தப்பாவின் பானெட்தான். எனக்கு முக்கால்வாசி நாள் வளையம்தான் கிடைத்தது. கை நடுக்கம், ஏ.சி. ஓடுவது, யாராவது கதவைத் திறப்பது என்று எதற்கும் இந்தப் படலம் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். ஒரு பெரிய தகடு முழுக்க ஒரே திசையில் வந்த தேன்கூட்டை நான் கடைசி வரை செய்ததில்லை.

இப்போது முக்கியமான கேள்வி. இதை ஒளி உமிழும் சாதனத்துக்குள், அதாவது இரண்டு மின்வாய்களுக்கு (மின்சாரம் கொடுக்கும் அடுக்குகள்) நடுவே ஒளி தரும் பாலிமரை வைத்த ஓ.எல்.இ.டி.க்குள், எங்கே வைப்பது?

ஆரம்பத்தில் எல்லோருக்கும் வருகிற ஆசைதான் எனக்கும் வந்தது: ஒளி தரும் பாலிமரையே தேன்கூடாக்கிவிட்டால் என்ன? ஆரஞ்சு ஒளி தரும் பாலிமர் ஒன்றை அப்படி ஊற்றினேன், அற்புதமாக வந்தது, புற ஊதா விளக்கின் கீழ் எரியும் தேன்கூடு மாதிரி ஜொலித்தது. மேலே உலோகம் படியவைத்து மின்சாரம் கொடுத்தேன். ஒன்றுமில்லை. பன்னிரண்டு சாதனம் செய்தேன், பன்னிரண்டும் ஷார்ட். பின்னால் யோசித்தால் இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. இந்தச் சாதனங்களில் ஒளி தரும் அடுக்கு 100 நானோமீட்டர் அளவுதான் இருக்கும், அதாவது மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு. நான் அதில் பல மைக்ரான் குழிகளைப் பறித்து வைத்திருக்கிறேன். மேலிருந்து வந்த உலோகம் குழி வழியாக நேராகக் கீழே இருக்கும் மின்வாயைப் போய்த் தொட்டுவிட்டது.

அப்புறம் தலைகீழாக யோசித்தேன், இந்த வழியில் எனக்கு முன்பே பலர் போயிருந்தார்கள். மின்சாரம் கடத்தாத பாலிஸ்டைரீனைத் தேன்கூடாக்கி மின்வாயின் மேல் வைப்பது, அதற்கு மேல் ஒளி தரும் பாலிமர். சுவர்கள் மின்சாரத்தை மறிக்கும், குழிகளுக்குள் மட்டும் வெளிச்சம் வரும். இத்தாலியின் மிலானில் பொலோனேசியும் போட்டாவும் யூனுஸும் 2005-இலேயே தேன்கூடு படலங்களைக் கொண்டு ஓ.எல்.இ.டி.க்களை மைக்ரான் அளவில் வடிவமைத்துக் காட்டியிருந்தார்கள். கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலையில் ஒவ்வொரு படியிலும் ஒரு முள். குழியின் அடியில் மெல்லிய பாலிஸ்டைரீன் தோல் மிச்சம் இருக்கும், அதை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்சாரத்தால் மின்னேற்றிய ஆக்சிஜன் வாயு) அரித்தெடுக்க வேண்டும், கொஞ்சம் அதிகமானால் சுவரே போய்விடும். ஒளி தரும் பாலிமரைக் கரைக்கிற அதே கரைப்பான் பாலிஸ்டைரீனையும் கரைத்துவிடும், அதனால் முதலில் புற ஊதா ஒளியில் வைத்துப் பாலிஸ்டைரீனின் சங்கிலிகளைக் குறுக்கே பின்னி இறுக்கிவிட வேண்டும். எனக்கு ஒன்பது மாதம் ஆனது.

ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து 6 வோல்ட் கொடுத்தபோது குழிகள் எரிந்தன. எல்லாம் இல்லை, ஒரு பகுதி மட்டும். நாலு மைக்ரான் அகலத்தில் ஆரஞ்சு விளக்குகள், கார்த்திகை தீபத்துக்கு அகல் ஏற்றி வைத்த தெரு மாதிரி, வரிசையாக. ஏழு நிமிஷம் எரிந்தன. பின்பு ஓரத்திலிருந்து கரும்புள்ளிகள் பரவ ஆரம்பித்தன.

அந்தக் கரும்புள்ளி எதனால் என்று இந்தத் துறையில் இருக்கும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர். ஓ.எல்.இ.டி.க்குத் தண்ணீர் பரம எதிரி. மேல் மின்வாயில் ஊசிமுனை ஓட்டை ஒன்று இருந்தால் போதும், அது வழியாக ஈரம் நுழைந்து உலோகத்தைப் பாலிமரிலிருந்து பிரித்து, வட்டமாகக் கருத்துக்கொண்டே போகும். அதற்குப் பயந்துதான் தண்ணீர் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும் க்ளவ் பாக்ஸுக்குள் (கையுறை பொருத்திய, காற்றுப் புகாத பெட்டி) கையை விட்டு வேலை செய்கிறோம். நல்ல மூடுபடலம் என்றால் ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு நாளைக்கு ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஈரம்தான் நுழையலாம் என்பது இந்தத் துறையின் கணக்கு. இப்படிப்பட்ட சாதனத்துக்குள், தண்ணீர்த் துளியால் செய்த, பிளாஸ்மா தின்று சொரசொரப்பான சுவர்களைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். மேலே படியும் உலோகம் மேடு பள்ளத்தில் விரிசல் விடாமல் இருந்தால்தான் அதிசயம்.

எனவே என் கருத்தைத் திட்டவட்டமாகவே சொல்லிவிடுகிறேன். மூச்சுக்கோலத்தின் இடம் சாதனத்துக்குள்ளே இல்லை, வெளியே. கண்ணாடியின் வெளிப்புறத்தில்.

ஏன் வெளியே? கிணற்றிலோ குளத்திலோ முங்கு நீச்சல் அடித்தவர்களுக்குத் தெரியும், உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் வானம் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும், வட்டத்துக்கு வெளியே தண்ணீர் கண்ணாடிபோல் குளத்தையே திருப்பிக் காட்டும். சரிவாக வரும் ஒளியைத் தண்ணீரின் மேற்பரப்பு உள்ளேயே திருப்பி அனுப்புவதால்தான் அப்படி. ஓ.எல்.இ.டி.க்குள் பிறக்கும் ஒளிக்கும் அதே கதி. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் பாலிமருக்குச் சுமார் 1.7, கண்ணாடிக்கு 1.5, காற்றுக்கு 1. பாலிமரில் பிறந்த ஒளி செங்குத்திலிருந்து 36 டிகிரிக்குள் கிளம்பினால்தான் காற்றுக்கு வரும். மற்றதெல்லாம் பாதி பாலிமர் அடுக்கிலும் மின்வாயிலும், மீதி கண்ணாடிக்குள்ளும் மாட்டிக்கொண்டு அலைந்து வீணாகிறது. சாதாரணத் தட்டையான சாதனத்தில் வெளியே வருவது ஐந்தில் ஒரு பங்கு போலத்தான். இத்தனை பாடுபட்டு மின்சாரத்தை ஒளியாக்கி, அதில் ஐந்தில் நாலை உள்ளேயே புதைப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றெரிச்சல்.

கண்ணாடியின் வெளிப்பக்கம் சின்னச் சின்ன லென்ஸ்களை ஒட்டினால், கண்ணாடிக்குள் மாட்டிய பங்கில் கணிசமானது வளைந்த பரப்பைச் சந்தித்து வெளியேறிவிடும். 2002-இல் மோலரும் ஃபாரஸ்ட்டும் இப்படி லென்ஸ் வரிசையை ஒட்டி வெளிவரும் ஒளியை ஒன்றரை மடங்காக்கிக் காட்டினார்கள். பாலிமர் அடுக்குக்குள்ளேயே மாட்டிய ஒளியை இந்த லென்ஸால் மீட்க முடியாது, அதற்கு வேறு வழிகள் வேண்டும். ஆனால் லென்ஸுக்கு அச்சு எங்கே கிடைக்கும்? நம் கையில் இருக்கிறதே. தேன்கூடு படலத்தின் குழி ஒவ்வொன்றும் தண்ணீர்த் துளியின் உருண்டை வடிவம். அதன் மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி இறுகவிட்டு உரித்தால், குழிக்குக் குழி ஒரு மேடு, வரிசை வரிசையாக லென்ஸ். மிலான் ஆய்வாளர்கள் பின்னாளில் இதையும் செய்தார்கள். நான் 60 டிகிரியில் மெதுவாக இறுகவிட்டேன், 100 டிகிரியை நெருங்கினால் பாலிஸ்டைரீன் இளகிக் கோலம் அழிந்துவிடும். குழியின் வாய் உட்புறத்தைவிடக் குறுகலாக இருக்கும், சட்டிக்குள் விட்ட கை மாதிரி ரப்பர் மாட்டிக்கொள்ளுமோ என்று பயந்தேன். இழுபடுகிற பொருள் என்பதால் நெளிந்து வெளியே வந்துவிட்டது.

இங்கே தண்ணீர் சாதனத்தின் பக்கத்திலேயே வருவதில்லை. அச்சு செய்யும் அறையோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஒழுங்கு குறைவது இத்தனை வருஷம் இந்த உத்தியின் குறையாகச் சொல்லப்பட்டது, லென்ஸுக்கு அது குறையே இல்லை. ஒழுங்கு கச்சிதமாக இருந்தால் சாய்த்துப் பார்க்கும்போது வானவில் நிறம் ஓடும், வெள்ளை விளக்குக்கு அது ஆகாது. துண்டு துண்டாக, வெவ்வேறு திசையில் இருந்தால் நிறங்கள் கலந்து சமமாகிவிடும். சுவரில் எனக்கு ஆறு புள்ளி வராமல் வளையம் வந்த நாட்களை நினைத்து நொந்துகொண்டிருந்தேனே, அந்தப் படலங்களைத் தேடி எடுத்துத்தான் பிறகு அச்சாகப் பயன்படுத்தினேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஒரு சிலிக்கோன் தாளை மடித்து எடுத்துப் போனேன். பட்டறை இப்போது இல்லை, சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். போனின் டார்ச்சை எரியவிட்டு அதன் மேல் தாளைப் பிடித்தேன், எதிர்ச்சுவரில் வெளிச்சம் அகலமாகப் பரவியது. பானெட் வெளுத்த கதையையும், இது அதே வெளுப்பின் அச்சில் வார்த்தது என்பதையும், தகட்டில் ஒரு இடம் மாதிரி இன்னொரு இடம் வருவதில்லை என்பதையும் சொன்னேன். தாளை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"ஊத்தி எவ்ளோ நேரத்துல வெளுத்துச்சு?"

"பத்து செகண்ட் இருக்கும் சித்தப்பா."

"அப்போ உன் தின்னர் ரொம்ப வேகம். அதான் உனக்கு ஒரு இடம் மாதிரி ஒரு இடம் வரலைங்கிற. கொஞ்சம் மெதுவா பறக்குறதைக் கலந்து பாரு பாப்பா."

குளோரோஃபார்மோடு எதை, எவ்வளவு கலக்கலாம் என்று அன்று ராத்திரியே நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது மணி பத்து.